கணவர் இறந்த பிறகும் வந்த கிசான் பணம்: திருப்பிக் கேட்டு நோட்டீஸ் வந்தால் என்ன செய்வது?

திருவாரூர் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். வயது 49. கணவர் 2023 மார்ச் கடைசியில் மாரடைப்பில் போய்விட்டார். கணவரும் அவருடைய தம்பியும் 2006இல் பாகப்பிரிவினை செய்து, பத்திரமும் பதிந்து, ஆளுக்கு ஐந்து மா நிலம் (மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு ஏக்கர்) எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் பட்டா இன்னும் இருவர் பெயரிலும் கூட்டாகவே கிடக்கிறது. சொந்த நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு வருடத்துக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் பி.எம். கிசான் திட்டத்தில் கணவர் 2019இலேயே பதிந்து இரண்டாயிரம் இரண்டாயிரமாக வாங்கிவந்தார். அவர் இறந்த பிறகும் 2023 ஜூலை, நவம்பர், 2024 பிப்ரவரி என்று மூன்று தவணை அவர் கணக்கில் விழுந்திருக்கிறது. இவர் ஏடிஎம் அட்டையைப் போட்டு எடுத்து நடவுக் கூலிக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு பணம் வரவில்லை, நோட்டீஸ்தான் வந்திருக்கிறது. இறந்த மனிதரின் பெயருக்கு முன்னால் "திரு" போட்டு, 6,000 ரூபாயைத் திருப்பிக் கட்டச் சொல்லி வட்டார வேளாண் அலுவலகத்திலிருந்து ஒரு பக்கக் கடிதம்.

இதோடு இன்னும் சில சிக்கல்கள். தனிப்பட்டாவுக்குக் கொழுந்தனார் கையெழுத்துப் போட மறுக்கிறார். மகன் சென்னையில் தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறார், வருமான வரி கட்டுகிறார், அதனால் தனக்கு இனிமேல் கிசான் பணமே கிடைக்காது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கணவர் பெயரில் ஆறு மா கோயில் நிலம் குத்தகைக்கு இருக்கிறது, அதைக் காட்டிப் பணம் வாங்கலாமா என்று கேட்கிறார். கடைவீதியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருப்பவர் 3,000 ரூபாய் கொடுத்தால் "பழைய தேதி போட்டு" இவர் பெயரில் பதிந்து தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். கடைசி வரியில் "என்னைப் பிடித்துக்கொண்டு போவார்களா ஐயா" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிடித்துக்கொண்டு போக மாட்டார்கள். உங்களுக்கு வந்திருப்பது தொகையைத் திரும்பக் கேட்கும் கடிதம், போலீஸ் சம்மன் இல்லை. இறந்தவர்கள் கணக்குக்குப் பணம் போவது, வரி கட்டுகிறவர்களுக்குப் பணம் போவது, ஒரே வீட்டில் கணவன் மனைவி இருவரும் வாங்குவது என்று இந்தத் திட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது. கண்டுபிடிக்கும்போது திருப்பிக் கேட்கிறார்கள், கட்டியதும் கணக்கை முடிக்கிறார்கள். பொய்ச் சான்று கொடுத்தவர், அடுத்தவர் பெயரில் வாங்கியவர், இதைத் தொழிலாகவே செய்தவர் என்றால் கதை வேறு. நீங்கள் அந்த ரகம் இல்லை.

அதற்காக நீங்கள் செய்தது சரி என்றும் சொல்ல முடியாது. ஒருவர் இறந்த நாளோடு அவருடைய ஏடிஎம் அட்டையின் வேலை முடிந்தது. கணக்கில் மிச்சம் இருப்பதை இறப்புச் சான்றைக் கொடுத்து நாமினி மூலமாகவோ வாரிசுகள் சேர்ந்தோதான் வாங்க வேண்டும். நாமினியாக இருந்தால்கூட அந்தப் பணம் அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது, வாரிசுகளுக்காக வாங்கி வைப்பவர் அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இதற்காக யாரும் சண்டை போடப்போவதில்லை, இருந்தாலும் அந்தக் கணக்கை முறைப்படி முடித்துவிடுங்கள்.

6,000 ரூபாயைக் கட்டிவிடுங்கள்

"நான்தானே சாகுபடி செய்தேன், எனக்கு வர வேண்டியதில் கழித்துக்கொள்ளக் கூடாதா" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் விதி உங்கள் பக்கம் இல்லை. இந்தத் திட்டத்தில் ஒருவருடைய பெயர் எந்த நான்கு மாதக் காலத்தில் ஏற்றப்படுகிறதோ அதிலிருந்துதான் தொகை. கடந்துபோன காலத்துக்குப் பாக்கி என்று எதுவும் கிடையாது. உங்கள் பெயர் இன்றுவரை பட்டியலில் இல்லாததால் கழிப்பதற்கு உங்கள் கணக்கில் எதுவும் இல்லை. நிலம் கணவர் கையிலிருந்து மனைவி கைக்கு வருவதில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லை, உதவித்தொகையில் மட்டும் இரண்டு மூன்று வருடம் காணாமல் போகிறது. இது திட்டத்தின் கோளாறு என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் 6,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டால் வாய்தாவுக்கு மன்னார்குடி, திருவாரூர் என்று பஸ்ஸில் அலைந்தே அந்த ஆறாயிரம் போய்விடும்.

நேராக வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போங்கள். இறப்புச் சான்று நகலோடு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: கணவர் இன்ன தேதியில் இறந்தார், தகவல் தெரிவிக்காததற்கு வருந்துகிறேன், இந்த மூன்று தவணையைத் திருப்பிக் கட்டுகிறேன், அவர் பெயரை நீக்கிவிட்டு வாரிசு என்ற முறையில் என் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று. ஒரே தடவையில் கட்ட முடியாவிட்டால் இரண்டு மூன்று தடவையாகக் கட்ட அனுமதி கேட்டு அதே கடிதத்தில் எழுதுங்கள், கேட்பதில் தப்பில்லை. பணத்தை எந்த அலுவலர் கையிலும் கொடுக்காதீர்கள். அரசு இணையதளத்திலேயே திருப்பிக் கட்டும் வசதி இருக்கிறது. அலுவலகம் சொல்லும் கணக்கில் வங்கி மூலமாகவும் கட்டலாம். எப்படிக் கட்டினாலும் ரசீதை லேமினேட் செய்து வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே நோட்டீஸ் மறுபடியும் வரும், அப்போது அந்த ரசீதுதான் பேசும்.

அந்த 3,000 ரூபாய் ஆளை விட்டுவிடுங்கள்

2020இல் நம் மாநிலத்தில் நடந்தது ஞாபகம் இருக்கும். கொரோனா காலத்தில் அலுவலகப் பாஸ்வேர்டுகளை எடுத்துக்கொண்டு, நிலமே இல்லாதவர்கள் பெயரையெல்லாம் கிசான் பட்டியலில் ஏற்றினார்கள். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம்தான் அதிகம். தகுதியில்லாதவர்கள் சுமார் 5.5 லட்சம் பேர், போன பணம் சுமார் 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சிபிசிஐடி விசாரித்தது, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தவர்களும் ஒப்பந்த ஊழியர்களும் கைதானார்கள். கமிஷன் கொடுத்த ஏழைகளுக்கு என்ன ஆனது? கணக்கிலிருந்து பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த கமிஷன் மட்டும் திரும்பவில்லை.

இன்னொரு விஷயம், உங்களுக்குப் பழைய தேதியே தேவையில்லை. 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலம் யார் பெயரில் இருந்ததோ அவருக்குத்தான் தொகை, அதற்குப் பிறகு வாங்கியவருக்குக் கிடையாது என்பது விதி. ஆனால் சொந்தக்காரர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு அதே விதியில் விலக்கு இருக்கிறது. உங்கள் கணவர் அந்தத் தேதியில் சொந்தக்காரர், நீங்கள் அவருடைய வாரிசு. நேர்வழியில் போனாலே கிடைக்கக் கூடியதற்கு எதற்கு அம்மா பொய்த் தேதி? அந்தப் பொய் ஒன்றுதான் இன்றைக்கு வெறும் நோட்டீஸாக இருப்பதை நாளைக்கு வழக்காக மாற்றக் கூடியது.

பட்டாவில் இரண்டு வேலை இருக்கிறது, ஒன்றாக்காதீர்கள்

உங்கள் கடிதம் முழுக்க கிசான் பணம்தான் இருக்கிறது. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது பட்டா. வருடத்துக்கு 6,000 போனால் போகிறது, ஆனால் இறந்தவர் பெயரில் பட்டா இருக்கும்வரை கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவதும், வெள்ள நிவாரணத்தில் பெயர் வருவதும், மோட்டார் இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றுவதும் சிரமம்தான். ஒவ்வொரு தடவையும் கணவர் பெயர்ச் சிட்டாவை நீட்டி "அவர் இல்லைங்க" என்று ஜன்னலுக்கு ஜன்னல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

கொழுந்தனார் கையெழுத்துப் போடாததால் எல்லாமே நின்றுவிட்டது என்று நினைக்கிறீர்கள். இங்கேதான் தப்பு. நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு தனி வேலை. முதல் வேலை, கூட்டுப்பட்டாவில் கணவர் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாரிசுகள் பெயரைச் சேர்ப்பது. இதற்கு இறப்புச் சான்றும் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றும் இருந்தால் போதும், கொழுந்தனாரின் சம்மதம் எதற்கும் தேவையில்லை, அவர் பங்கை நீங்கள் தொடவே இல்லை. இரண்டாவது வேலை, நிலத்தை அளந்து உட்பிரிவு போட்டுத் தனிப்பட்டா வாங்குவது. அவர் மறுப்பது இந்த இரண்டாவதைத்தான். கிசானுக்கு முதல் வேலை முடிந்தாலே போதும், கூட்டுப்பட்டாவில் பெயர் இருக்கிறவரும் அவருடைய பங்குக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டு மனுவையும் ஒன்றாகப் போட்டு, சர்வேயர் வரவில்லை என்று ஒன்றரை வருடம் காத்திருக்கிறவர்களை நான் வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன்.

வாரிசு யார் யார் என்பதிலும் ஒரு திருத்தம். "நானும் மகனும்தான் வாரிசு, மகளைக் கட்டிக்கொடுத்தாச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த ஆணின் முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகள், தாயார் எல்லோரும் வருவார்கள், அவர் பங்காகப் பிரித்து வாங்கிய நிலத்தில் ஆளுக்குச் சமபங்கு. மகள் கல்யாணமாகிப் போனால் பங்கு போய்விடாது. உங்கள் மாமியார் இருக்கிறார் என்று வேறு ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு வெற்றிலை இடிப்பது யார் என்ற சண்டையைப் பற்றிச் சொல்லும்போது. அப்படியானால் நான்கு வாரிசு, ஆளுக்குக் கால் பங்கு. வாரிசுச் சான்று மனுவில் மாமியார் பெயரை விட்டுவிட்டால் கொழுந்தனார் கையில் நீங்களே ஆயுதத்தைக் கொடுத்த மாதிரி. மறைத்து வாங்கிய சான்றை ரத்து செய்யச் சொல்லி அவர் ஒரு மனு போட்டால் போதும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

மகளும் மாமியாரும் மனம் ஒத்து விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அதைப் பதிவு செய்த விடுதலைப் பத்திரமாகத்தான் எழுத வேண்டும், இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது செல்லாது. ஆனால் அதற்கு இப்போது அவசரமே இல்லை. முதலில் நான்கு பேர் பெயரும் ஏறட்டும். வயதானவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனீர்கள் என்றால், அடுத்த நாளே ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் உட்பிரிவு. 2006 பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்பது உங்கள் பெரிய பலம். யாருக்கு எந்தப் பக்கம், எத்தனை சென்ட், நான்கு எல்லை என்ன என்பதையெல்லாம் கொழுந்தனாரே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட ஆவணம் அது. அதை வைத்து உட்பிரிவுக் கட்டணம் கட்டி இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அவருக்கு நோட்டீஸ் போகும், ஆட்சேபனை சொல்ல அவருக்கு உரிமை உண்டு, ஆனால் வெறுமனே "எனக்கு இஷ்டமில்லை" என்பது ஆட்சேபனை ஆகாது. தாசில்தார் மறுத்தால் ஆர்.டி.ஓ.விடம் (வருவாய்க் கோட்டாட்சியர்) மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. அங்கேயும் முடியவில்லை என்றால்தான் சிவில் கோர்ட். அந்த நிலைமை வந்தால் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறார்கள், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

ஒரு எச்சரிக்கை: பட்டா வந்துவிட்டது என்பதற்காக நிலம் முழுசாக உங்களுடையது என்று எண்ணிவிடக் கூடாது. பட்டா வருவாய்க் கணக்குக்கான பதிவு, உரிமையைச் சொல்வது பத்திரமும் வாரிசுரிமையும்தான். கொழுந்தனாரிடமும் இதை நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். "பட்டா பிரித்தால் நிலத்தை விற்றுவிடுவாள்" என்றுதானே பயப்படுகிறார். பிரிக்காவிட்டாலும் உங்கள் பங்கை விற்கச் சட்டத்தில் தடை இல்லை, பிரித்தாலும் அவர் பங்கில் ஒரு சென்ட் குறையாது.

மகன் வரி கட்டினால் உங்களுக்கு இல்லையா?

உங்களுக்கு உண்டு, யாரோ சொன்னது தப்பான தகவல். இந்தத் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள். உங்கள் மகனுக்கு 26. அவர் தனிக் குடும்பம். அவர் வரி கட்டுவதால் அவர் பங்குக்கு அவருக்குக் கிடைக்காது, உங்களைப் பாதிக்காது. மருமகன் அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் மகளுக்கும் கிடைக்காது. மாமியார் பெயர் பட்டாவில் ஏறினால் அவர் தனியாக விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒரே வீட்டில் இரண்டு பேர் என்றால் நிறுத்திவைத்து நேரில் விசாரிக்கிறார்கள், வருகிறவரிடம் இரண்டு பேரும் மாமியார் மருமகள், இருவரும் கணவனை இழந்தவர்கள், தனித்தனிப் பங்கு என்று காட்டத் தாள்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை நின்றுவிடுமோ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அதன் வரம்பு ஐந்து ஏக்கர் நஞ்சை, உங்களுடையது முழுசாகச் சேர்த்தாலும் ஒன்றே முக்கால் ஏக்கரைத் தாண்டாது.

கிசானில் பதியும்போது நிலம் வந்த விதம் "வாரிசுரிமை" என்று சரியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பாருங்கள், அவசரத்தில் "கிரயம்" என்று தட்டிவிட்டால் 2019க்குப் பிறகு வாங்கிய நிலம் என்று ஆகி நின்றுபோகும். அதோடு விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்க வேண்டும், 2025 முதல் இங்கே கிராமம் கிராமமாக முகாம் போட்டுக் கொடுத்தார்கள், பட்டாவில் உங்கள் பெயர் இல்லாததால் உங்களுக்குக் கொடுத்திருக்க மாட்டார்கள். பிறகு இ-கேஒய்சி, அதாவது ஆதாரை வைத்து ஆளைச் சரிபார்ப்பது, கைரேகை தேய்ந்து விழவில்லை என்றால் முகத்தைக் காட்டியும் செல்போனில் செய்யலாம், நடவு நடுகிற கைக்கு இது பெரிய உபகாரம். கடைசியாக ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று வங்கியில் கேட்டுவிடுங்கள். வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் ஒரு வருடம் பணமே வரவில்லை என்று மனு மேல் மனு போட்டார், பார்த்தால் எப்போதோ நகைக்கடனுக்காகத் திறந்த வேறொரு வங்கிக் கணக்கில் 6,000 ரூபாயும் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. சந்தேகம் இருந்தால் 155261 என்ற உதவி எண் இருக்கிறது.

கோயில் நிலத்தைக் காட்டக் கூடாது, ஆனால் விடவும் கூடாது

குத்தகை நிலத்துக்குக் கிசான் பணம் கிடையாது, சொந்தக்காரருக்கு மட்டும்தான். வெயிலில் நிற்பது யார் என்று பார்க்காத திட்டம் இது, டெல்டாவில் பாதிப் பேருக்கு இதுதான் மனக்குறை. ஆனால் அந்த ஆறு மாவுக்கு வேறு சலுகைகள் இருக்கின்றன. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். சம்பாவுக்கு நீங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான், ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 540 ரூபாய். வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) தரும் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கு, வேண்டும், அதில் சாகுபடி செய்பவர் என்று உங்கள் பெயர் இருக்க வேண்டும். போன சம்பாவில் தண்ணீர் நின்று பயிர் அழுகியும் ஒரு பைசா வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் அடங்கல் இன்னும் கணவர் பெயரில் போனதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நெல்லுக்கு இழப்பீட்டைப் பெரும்பாலும் கிராம அளவில் அறுவடைச் சோதனை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள், அறுத்துப் போட்ட கதிர் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் நீங்களே சொல்ல வேண்டும், எண் 14447.

குத்தகையை உங்கள் பெயருக்கு மாற்றக் கோரி கோயில் செயல் அலுவலரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள். தானே உழைத்துச் சாகுபடி செய்யும் வாரிசையும் குத்தகை விவசாயியாகவே சட்டம் பார்க்கிறது. அதுவரை குத்தகை நெல்லையோ பணத்தையோ பாக்கி வைக்காதீர்கள், ரசீது கணவர் பெயரில் போட்டாலும் "மனைவி மூலம் வரவு" என்று எழுதி வாங்குங்கள். பாக்கி சேர்ந்தால் விஷயம் வருவாய் நீதிமன்றத்துக்குப் போகும், அங்கே பரிதாபம் பார்க்க மாட்டார்கள்.

வாரிசுச் சான்று மனுவை இந்த வாரமே போட்டுவிடுங்கள், மற்ற எல்லாமே அதற்குப் பின்னால்தான். போட்ட பிறகு எனக்கு 2006 பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். வடக்கு வரப்பில் இருந்த பனைமரத்தைக் கொழுந்தனார் வெட்டிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லையில் அந்தப் பனை எழுதப்பட்டிருக்கிறதா, வாய்க்கால் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனைதான் என்றால் அதன் தூரைத் தோண்டி எடுப்பதற்குள் சர்வேயரைக் கூப்பிட வேண்டியிருக்கும்.